கட்டபெட்டு: நண்பன் வீட்டு ஐரோப்பா!

ஈஃபிள் டவர் முன்னாடி நின்னு ஒரு போட்டோ. வெனிஸ்ல படகுக்காரர் துடுப்பு போட, கால் மேல கால் போட்டு ஒரு சவாரி. சுவிட்சர்லாந்துல மலை ஏறுற ரயில்ல ஜன்னலோர சீட். இந்த மூணுல ஒண்ணாவது உங்க ஆசை லிஸ்ட்ல கண்டிப்பா இருக்கும். எங்க ஹாஸ்டல் ரூம் சுவர்ல மூணுமே ஒட்டியிருக்கு. அதுக்குப் பக்கத்துலயே மெஸ் பில் பாக்கியும் ஒட்டியிருக்கு என்பதுதான் சோகம்!

ஆனா கவலையை விடுங்க. நம்ம சினிமாக்காரங்களுக்கும் ஒரு காலத்துல இதே கஷ்டம்தான். ஹீரோ, ஹீரோயினை ஃபாரின் கூட்டிட்டுப் போக பட்ஜெட் இல்லைன்னா யூனிட்டோட நீலகிரிக்கு பஸ் ஏறிடுவாங்க. பைன் மரம், பனிமூட்டம், ஸ்வெட்டர்... முடிஞ்சது ஐரோப்பா! ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியில தமிழ்நாட்டையே அழவெச்ச ஸ்டேஷன் நம்ம கேத்தி. அந்தக் கேத்தி பள்ளத்தாக்குக்கே ‘தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்து’ன்னு ஒரு பட்டப்பேரு உண்டு.

நாங்களும் போன டிசம்பர் லீவுல அதே ஐரோப்பாவுக்குத்தான் போனோம். ஆனா ஊட்டி லேக், ரோஜாப் பூங்கா, போட்டிங்னு போகலை. போன இடம் கட்டபெட்டு. காரணம் ரொம்ப சிம்பிள். அங்கே தங்குறதுக்கு லாட்ஜ் வாடகை கிடையாது. எங்க கிளாஸ்மேட் வீடு இருக்கு!

‘பெட்டு’ன்னா என்ன தெரியுமா?

ஹாஸ்டல்ல அவனுக்குப் பேரே ‘பெட்டு’தான். ஊர்ப் பேரோட பாதியை வெட்டி வெச்ச பேரு. படுகு மொழியில பெட்டுன்னா மலைன்னு அங்கே போனப்புறம்தான் தெரிஞ்சுது. தொட்டபெட்டான்னா பெரிய மலை. ஆக, நாற்பத்தெட்டு கிலோ எடையுள்ள ஒருத்தனை ரெண்டு வருஷமா ‘மலை’ன்னு கூப்பிட்டிருக்கோம். அவனும் சந்தோஷமா திரும்பிப் பார்த்திருக்கான்!

மேட்டுப்பாளையத்துல ரோடு ரெண்டா பிரியும். கூட்டம் மொத்தமும் பர்லியாறு வழியா குன்னூர் ரோட்டைப் பிடிக்கும். நீங்க கோத்தகிரி பஸ்ல ஏறுங்க. 33 கிலோமீட்டர்தான். ஆனா அந்த வளைவுகள்ல காதடைச்சு, ஜன்னலை மூடி, கடைசியில ஸ்வெட்டரைத் தேடுறதுக்குள்ள சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்பீங்க. அங்கேயிருந்து ஊட்டி போற பஸ்ல பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, கட்டபெட்டு.

இறங்கிப் பார்த்தா முதல்ல ஏமாற்றமாத்தான் இருக்கும். நாலு கடை, ஒரு பஸ் ஸ்டாப், ஜீப்புகள், தேயிலை மூட்டை ஏத்தின வேன்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு மூணு பக்கமும் ரோடு பிரியுற ஜங்ஷன் அது. பெரும்பாலான டூரிஸ்ட்டுகளுக்கு இது பஸ் ஜன்னல்ல ரெண்டு நிமிஷம் தெரியுற ஒரு போர்டு, அவ்வளவுதான். கடையில சூடா ஒரு டீயும், தொட்டா உதிர்ற வர்க்கியும் வாங்கி நின்னீங்கன்னா, மூடுபனி ரோட்டைத் தாண்டிப் போறதைப் பார்க்கலாம். எதிர்க் கடை காணாமப் போகும், திரும்ப வரும். எங்க கூட வந்த ‘கால்குலேட்டர்’ (இதுவும் பட்டப்பேர்தான்) வாயைப் பிளந்து நின்னான். பெட்டு மட்டும் சாதாரணமா, “டேய், இது தினமும் வரும். வாங்க, அம்மா காத்துட்டு இருக்காங்க”ன்னான்.

ஹட்டிக்குள்ளே போங்க!

படுகர் ஊரை ‘ஹட்டி’ன்னு சொல்றாங்க. தமிழ்ல ‘பட்டி’. பால் அங்கே ‘ஹாலு’. நம்ம ‘ப’ நிறைய இடத்துல அங்கே ‘ஹ’ ஆகிடுது. இந்த ஒரு ஃபார்முலாவை வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் ஓட்டினோம். பாதி நேரம் சரியா வந்துச்சு, மீதி நேரம் வீடே சிரிச்சுது!

வீடுகள் தனித்தனியா இல்லை. ஒரே வரிசையில சுவரோட சுவர் ஒட்டி நிக்குது. முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு நீள முற்றம். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தா வரிசைக்கே விருந்தாளி. நாங்க ஷூவைக் கழட்டுறதுக்குள்ள, “கோயம்புத்தூர்ல மழையா?”ன்னு நாலு வீட்டுக்காரங்க விசாரிச்சுட்டாங்க.

பாட்டியை அங்கே ‘ஹெத்தெ’ன்னு கூப்பிடுறாங்க. படுகர்கள் கும்பிடுற ஹெத்தையம்மனோட பேரும் அதே சொல்தான். ஊருக்கெல்லாம் மூத்த பாட்டிதான் சாமி! டிசம்பர், ஜனவரியில வர்ற ஹெத்தை ஹப்பாவுக்கு கோத்தகிரி பக்கம் பேரகணி கோயில்ல ஆயிரக்கணக்கானவங்க வெள்ளை உடையில கூடுவாங்க. பெட்டுவோட பாட்டியும் வெள்ளை முண்டு, தலையில வெள்ளைத் துணின்னு இருந்தாங்க. நாங்க தலை குனிஞ்சதும் உச்சந்தலையில கையை வெச்சு ஏதோ நீளமா வாழ்த்தினாங்க. அர்த்தம் புரியலை. ஆனா அரியர் எல்லாம் கிளியர் ஆகிடும்ங்கிற மாதிரி ஒரு ஃபீலிங்!

சாப்பாடு? ராகிக் களி, அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. உருளை, கேரட், முட்டைக்கோஸை எல்லாம் இங்கே ‘இங்கிலீஷ் காய்கறி’ன்னுதான் சொல்றாங்க. வெள்ளைக்காரங்க கொண்டுவந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், உங்க ஊர் மார்க்கெட்டுக்கு வர்றதும் இதே சரக்குதான். ஐரோப்பா ஏற்கெனவே உங்க வீட்டு சாம்பார்ல மிதந்துட்டுத்தான் இருக்கு!

நூறு கப் டீ கணக்கு

வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் அதிகமா தேயிலை. சரிவா இறங்கி, பள்ளத்துல முடியுது. எதிர்ல மலை, மலைக்குப் பின்னாடி மலை. காலையில ஏழு மணிக்கு அந்த மேட்டுல நின்னா, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கீழே கிடக்கும். நாங்க சராமாரியா போட்டோ எடுத்துட்டு இருந்தோம். பக்கத்துலயே பெட்டுவோட அம்மா கொழுந்து பறிக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

நாங்களும் உதவுறோம்னு இறங்கினோம். ரெண்டு இலை, ஒரு மொட்டு. சொல்ல ஈஸி. ஒரு மணி நேரத்துல மூணு பேரும் சேர்ந்து பறிச்சதை அம்மா பார்த்துட்டு, ரொம்ப மரியாதையா, “நீங்க போய் டீ குடிங்கப்பா”ன்னு சொல்லிட்டாங்க. முன்னெல்லாம் உறவுக்காரங்களே ஒருத்தருக்கொருத்தர் வந்து பறிச்சுக் கொடுப்பாங்களாம். இப்போ ஆள் கிடைக்கிறதில்லை. பக்கத்துத் தோட்டங்கள்ல ஜார்க்கண்ட், அஸ்ஸாம்ல இருந்து வந்தவங்க பறிச்சுட்டு இருந்தாங்க.

பறிச்ச கொழுந்து அன்னிக்கே ஃபேக்டரிக்குப் போயாகணும். இல்லைன்னா வீண். இங்கே சிறு விவசாயிகளுக்கான கூட்டுறவுத் தொழிற்சாலைகள் உண்டு. அதுக்கான இணையமான இன்கோசர்வ் 1965-ல் ஆரம்பிச்சது. கட்டபெட்டுலயும் ஒரு கூட்டுறவு ஃபேக்டரி இருக்கு. தனியார் ஃபேக்டரிகளும் இருக்கு. இலையை அரை நாளுக்கு மேல வாட வெச்சு, சி.டி.சி. மெஷின்ல நசுக்கி, கிழிச்சு, சுருட்டி, காத்துல செம்பு நிறம் வர்றவரைக்கும் விட்டு, அப்புறம் டிரையர்ல உலர்த்தினா, நாம குடிக்கிற தூள்.

இப்போ கால்குலேட்டர் தன் வேலையைக் காட்டினான். சுமார் நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அதாவது, ஒரு கிலோ கொழுந்துல இருநூறு கிராமுக்கு மேல தூள் கிடைக்கும். ஒரு கப்புக்கு ரெண்டு கிராம்னு வெச்சா, நூறு கப் டீ! நாங்க போன மாசம் ஒரு கிலோ கொழுந்துக்குக் கிடைச்சது இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வியூ பாயின்ட்ல ஒரு கப் டீ என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்... இருபது ரூபாய். நூறு கப் டீக்கான கொழுந்துக்கு ஒரு கப் டீயோட காசு!

‘மெஷின், விறகு, கரன்ட், சம்பளம், பாக்கெட், லாரி, பால், சர்க்கரை எல்லாம் நடுவுல இருக்கே?’ன்னு நீங்க கேக்கலாம். கரெக்ட்தான். நாங்களும் கேட்டோம். பெட்டுவோட அப்பா சிரிச்சுட்டே, “எங்க பக்கமும் உரம், மருந்து, பறிப்புக்கூலி எல்லாம் இருக்கு தம்பி. கூட்டிப் பாருங்க”ன்னார். கால்குலேட்டர் கூட்டினான். அப்புறம் பேசலை.

1990-களின் கடைசியில கொழுந்துக்கு நல்ல விலை. அந்தக் காசுல வீடு கட்டினவங்க நிறைய பேர். 2000-த்தை ஒட்டி விலை விழுந்து, கிலோ அஞ்சு ரூபாய் அளவுக்கு வந்ததை அப்பா இன்னும் மறக்கலை. 2023 செப்டம்பர்ல கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லுல விவசாயிகள் உண்ணாவிரதப் போராட்டமே நடத்தினாங்க. கேட்டது, கிலோவுக்கு முப்பது ரூபாய்க்கு மேல ஒரு நிலையான விலை.

வியூவுக்கு விலை இருக்கு!

அன்னிக்கு சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்துச்சு. நாங்க போட்டோ எடுத்த அதே மேட்டை ஒரு புரோக்கர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். கீழே இருக்கிற சரிவு வேணாமாம். மேல இருக்கிற முப்பது சென்ட் மட்டும் போதும். யாரோ வெளியூர்க்காரர் காட்டேஜ் கட்டப்போறாராம். சொன்ன தொகை, அந்த மொத்தத் தோட்டமும் பல வருஷத்துல கொடுக்காதது.

“தேயிலைக்குத்தான் விலை இல்ல தம்பி. வியூவுக்கு இருக்கு”ன்னார் அப்பா.

அம்மாவுக்கு விக்க இஷ்டமில்லை. அந்த மேட்டை வித்துட்டா, கீழே பறிச்ச கொழுந்தை ரோட்டுக்குத் தூக்கிட்டு வர்ற வழி சுத்து வழியாகிடும். இன்னொரு பயமும் இருக்கு. 2009 நவம்பர்ல நீலகிரியில பெய்த மழையை இங்கே யாரும் மறக்கலை. கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர்! மலையெங்கும் மண் சரிஞ்சு நாற்பது பேருக்கு மேல போனாங்க. மேல ஜே.சி.பி. வந்து மண்ணை வெட்டினா, கீழே இருக்கிற வரிசை வீடுகள் என்னாகும்? மலைப்பகுதியில கட்டடம் கட்ட கட்டுப்பாடுகள் இருக்கு. அது மழைக்கு முன்னாடி ஞாபகம் வரணுமேங்கிறது அம்மாவோட கவலை.

இதுல பெட்டுவோட நிலைமை என்ன? அவன் காலேஜ் ஃபீஸ், தங்கச்சியோட ஃபீஸ் ரெண்டும் இந்தக் கொழுந்துலதான் வருது. விக்காதீங்கன்னு சொல்ற தைரியமும் இல்லை, வித்துடுங்கன்னு சொல்ற மனசும் இல்லை. “நீங்களா இருந்தா என்னடா செய்வீங்க?”ன்னு எங்களைக் கேட்டான். மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச நாங்க மூணு கம்பளியைப் போர்த்திக்கிட்டு முழிச்சோம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினோம். விடை வரலை. நீங்க சொல்லுங்களேன்?

ஊர் சுத்தலாம் வாங்க!

சரி, சைட்சீயிங் இல்லாத டூரா? மறுநாள் பெட்டுதான் கைடு.

முதல்ல கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இங்கேதான் வந்து பங்களா கட்டினார். நீலகிரியில வெள்ளைக்காரங்க கட்டின முதல் வீடு. ஊட்டியே அதுக்கப்புறம்தான்! இப்போ அதைப் புதுப்பிச்சு நினைவு இல்லமா வெச்சிருக்காங்க. கூட்டமே இல்லை. எங்களை விட்டா ரெண்டு மைனா.

அடுத்து லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் சோலைக்காடு, ஊரை ஒட்டியே. உள்ளே போனா பகல்லயே சாயங்காலம் மாதிரி இருக்கு. சத்தம் போட்டு பேசத் தோணலை. இந்தக் காட்டோட ஊத்துத் தண்ணியைத்தான் கீழே இருக்கிற பல ஊர்கள் குடிக்குது. 2024 ஜனவரியில இதை ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. வெனிஸ் உள்ள அதே உலகப் பட்டியலான்னு கேட்காதீங்க. அது யுனெஸ்கோ, இது ஈரநிலத்துக்குன்னே தனியா இருக்கிற பட்டியல்!

கேத்தரின் அருவி, கோத்தகிரியில இருந்து எட்டு கிலோமீட்டர் சுமாருக்கு. இந்தப் பக்கம் காபியைக் கொண்டுவந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரோட மனைவி பேரு. மனைவிக்கு ஒரு அருவியையே கிஃப்ட்டா கொடுத்திருக்கார், நம்ம ஆளுங்க கிரீட்டிங் கார்டோட நிக்கிறாங்க! நேரம் இருந்தா கோடநாடு காட்சிமுனைக்கும் போங்க. பள்ளத்துல மாயாறு வெள்ளி நூல் மாதிரி தெரியும்.

திரும்பி வர்றப்போ தேயிலைக்கு நடுவுல கறுப்பா நாலு பாறை. பாறை தலையைத் தூக்கிச்சு. காட்டு மாடு! பெட்டு கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்திட்டான். கால் மணி நேரம் அசையாம நின்னோம். அதுங்க பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போச்சு. கரடியும் இந்தப் பக்கம் சகஜம். அதிகாலையில கொழுந்து பறிக்கப் போறவங்க இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் தினமும் இறங்குறாங்க.

நிஜ சுவிட்சர்லாந்து தண்டவாளத்துல இருக்கு

மூணாம் நாள் குன்னூர். அருவங்காட்டுல இருக்கிற எங்க இன்னொரு கிளாஸ்மேட், டிக்கெட்டோட ஸ்டேஷன்ல காத்துட்டு இருந்தா. மெக்கானிக்கல் மாணவர்களே, இந்த இடத்தை நிதானமா படிங்க!

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899-லயும், ஊட்டிக்கு 1908-லயும் ரயில் வந்துச்சு. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினதும் ஏற்றம் சுமாரா பன்னிரண்டுக்கு ஒண்ணு. வெறும் சக்கரம் வழுக்கிடும். அதனால நடுவுல பல் வெச்ச தண்டவாளம். இன்ஜின்ல இருக்கிற பல்சக்கரம் அதைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறும். இந்த முறையைக் கண்டுபிடிச்சவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினீயர். ‘எக்ஸ்’ கிளாஸ் நீராவி இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர்ல செஞ்சு கப்பல்ல வந்தவை. பின்னாடி நம்ம திருச்சி பொன்மலை பணிமனையிலயே புது இன்ஜின்களைச் செஞ்சுட்டாங்க! 2005-ல் யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு.

குன்னூருக்கு மேல டீசல் இன்ஜின். வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்... ஸ்டேஷன் பேரே லவ்டேல்! காதலர்களே, இதைவிட என்ன வேணும்? எதிர் சீட்ல புதுசா கல்யாணமான ஒரு ஜோடி. ஜன்னல்ல தேயிலைச் சரிவைக் காட்டி, “பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்குல்ல?”ன்னு அவங்க கேட்க, அவர் போட்டோ எடுத்துட்டே இருந்தார். மூணு நாளைக்கு முன்னாடி நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். இப்போ கால்குலேட்டர் என் காதுல மெதுவா, “டேய், அந்தத் தோட்டத்துல கொழுந்து முத்திப்போய் நிக்குது. பறிக்க ஆள் கிடைக்கலை போல”ன்னான்.

நீங்க போகணும்னா...

கோயம்புத்தூர்ல இருந்தோ மேட்டுப்பாளையத்துல இருந்தோ கோத்தகிரிக்கு பஸ், அங்கேயிருந்து ஊட்டி பஸ்ல கட்டபெட்டு. சொந்த வண்டியிலயோ வாடகைக் கார்லயோ போனா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கு. அரசு பஸ், ரயில்னா அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நீலகிரிக்குள்ள கூடாது, வீட்டுல இருந்து ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க. ஸ்வெட்டர் கட்டாயம். தோட்டத்துக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி அங்கே இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அது யாரோ ஒருத்தரோட வயல். தூள் வாங்குறதா இருந்தா கூட்டுறவு ஃபேக்டரி கடையில வாங்குங்க.

‘எங்களுக்கு அங்கே ஃப்ரெண்டு இல்லையே’ன்னு சொல்றீங்களா? உங்க ஹாஸ்டல் வராண்டாவுல ஒரு ரவுண்டு போங்க. ராமேஸ்வரம், வால்பாறை, ஏலகிரி, கன்னியாகுமரின்னு யாராவது ஒருத்தர் இருப்பாங்க. லீவுக்கு ஊருக்குக் கிளம்புறப்போ, “நானும் வரட்டுமா?”ன்னு கேட்டுப் பாருங்க. எங்க பெட்டுவை நாங்க மூணாவது வருஷத்துலதான் கேட்டோம். நீங்க முதல் வருஷமே கேளுங்க.

அந்த மேடு என்னாச்சுன்னு கேக்குறீங்களா? இதை எழுதுற வரைக்கும் விக்கலை. இந்த மாசம் கொழுந்து விலை என்னன்னு நாங்களும் இப்போ விசாரிச்சுட்டு இருக்கோம்.